நகையும் தீட்டும்: ‘மைக்கேல் மதன காமராஜன்’ காட்டும் பாலக்காடும் காட்டாத கோவிந்தாபுரமும்

ஒரு வட்டாரத்தை ஒரே பாத்திரத்தின் வழி நகைப்பிற்கு உரியதாக்குவது அறத்தின்பாற்படுமா? சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில், கிரேசி மோகன் உரையாடலுடன் 1990-இல் வெளிவந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ என்னும் குற்ற நகைச்சுவைப் படத்தை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

நகையின் தன்மை

பிறந்தவுடன் பிரிக்கப்பட்ட நான்கு உடன்பிறந்தோருள் காமேஸ்வரன், பாலக்காட்டு மணி ஐயர் என்னும் சமையற்காரரால் வளர்க்கப்படுகிறான். மலையாள ஓசை தழுவிய அந்தணர் பேச்சும், ஆசாரமும், எதற்கும் அஞ்சும் இயல்பும் அவனுடைய அடையாளங்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் களங்களுள் எள்ளலையும் மடனையும் வேறு வேறாக வைத்து எண்ணுகிறது. கற்பித்ததைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தலே மடம் என்பர் உரையாசிரியர். காமேஸ்வரனிடத்துத் தோன்றும் நகை பெரிதும் இம்மடத்தின்பாற்பட்டதே. அவனை இகழ்தல் படத்தின் நோக்கமன்று. எனவே, எள்ளல் என்னும் குற்றச்சாட்டு இங்கு வலுவுடையதாகாது.

வார்ப்பும் மனிதரும்

எனினும், இகழாமை மட்டுமே நேர்மையாகிவிடாது. மாரியோ மோனிசெல்லி இயக்கிய ‘இ சோலிதி இக்னோதி’ (1958) என்னும் இத்தாலியக் குற்ற நகைச்சுவைப் படம் இங்கு ஒப்பிடத்தக்கது. அதில் தங்கையை வீட்டினுள் பூட்டிவைக்கும் சிசிலித் தீவினனாகத் தோன்றிய திபெரியோ மூர்ஜா, உண்மையில் சார்தீனியத் தீவினர்; சிசிலிப் பேச்சு பிறர் குரலில் சேர்க்கப்பட்டது. காமேஸ்வரனாக நடித்த கமல்ஹாசனும் பரமக்குடியில் பிறந்தவரே. நடிகர் எவ்வூரினராயினும் குற்றமில்லை. ஆயின், இத்தகைய படங்களில் திரைக்கு வருவது வட்டார மனிதரல்லர், அவரைப் பற்றிப் பிறர் கொண்ட எண்ணமே என்பதை இவ்விரு சான்றுகளும் உணர்த்துகின்றன.

பாலக்காட்டுத் தமிழ் என்றவுடன் கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களின் பேச்சே பலர்க்கும் நினைவில் எழுகிறது. அதே பாலக்காடு மாவட்டத்தில், பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், மாநில எல்லையில் அமைந்தது கோவிந்தாபுரம். மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற முதலமடை ஊராட்சியைச் சார்ந்த இவ்வூரிலும் தமிழ் வழங்குகிறது. அங்கு அம்பேத்கர் குடியிருப்பில் வாழும் சக்கிலியர் சமூகத்தவரின் தமிழும் பாலக்காட்டுத் தமிழே. அதற்கு அப்பெயர் வழங்கப்படுவது அரிது.

சாம்பாரும் குவளையும்

படத்தின் புகழ்பெற்ற காட்சி, திருமண விருந்துச் சாம்பாரில் மீன் விழுவது. தூய்மை கெட்டதென்னும் பதற்றமே அங்கு நகைக்கு நிலைக்களன். பார்ப்போர் ஆசாரத்தைப் பார்த்தே சிரிக்கின்றனர். அவ்வகையில் அக்காட்சி விடுதலை தருவதாகவும் அமைகிறது. ஆனால், தீட்டைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை எல்லார்க்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. 2017-இல் கோவிந்தாபுரத்துச் சக்கிலியர், தேநீர்க் குவளையிலும் குடிநீரிலும் தம்மைப் பிரித்து நடத்துவதாக முறையிட்டனர். அது கேரளம் முழுதும் பேசப்பட்டது. சாம்பாரில் மீன் விழுந்ததால் சமையற்காரன் இழப்பது சிறிது நேர அமைதியை. தனிக்குவளையில் தேநீர் பெறுபவர் இழப்பதோ மதிப்பை. இரண்டிற்கும் வேர் தீட்டு என்னும் ஒரே கருத்துத்தான்.

முடிவு

நகைச்சுவைப் படம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பன்று. எல்லாரையும் காட்டும் கடமை அதற்கில்லை என்பர். இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆகவே, காமேஸ்வரனைப் படைத்தது குற்றமாகாது. அவ்வொருவனையே பாலக்காட்டுத் தமிழரின் முழு உருவாகக் கொள்வதுதான் குற்றம். அக்குற்றம் படைத்தோரைவிடப் பார்ப்போரையும், பாலக்காட்டுத் தமிழை ஆராயப் புகுவோரையும் சாரும். கல்பாத்தியில் ஒலிப்பதிவு செய்யும் ஆய்வாளர் கோவிந்தாபுரத்திற்கும் செல்ல வேண்டும். இலக்கணத்திற்குத் தரவு திரட்டுவது மட்டும் அதன் பயனன்று. பாலக்காட்டுத் தமிழர் என்னும் பெயர் யார் யாருக்கு உரியது என்னும் அறவினாவிற்கும் அதுவே விடையாகும்.