புளியும் விபூதியும்

பாட்டி வைத்துவிட்டுப் போன பழங்காசுகளை விற்கப் புறப்படுகிறவர்கள் முதலில் செய்யும் காரியம், அவற்றைத் தேய்ப்பதுதான். செப்புக் காலணாவுக்குப் புளி. வெள்ளி ரூபாய்க்கு விபூதி. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முகம் கழுவிப் பொட்டு வைப்பதில்லையா, அந்த மாதிரி. இதில் என்ன தப்பு?

லாபக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். விக்டோரியா ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், அதில் 12-ல் 11 பங்கு வெள்ளி. தட்டாரிடம் கொடுத்தால் தராசில் வைப்பார், உரைகல்லில் உரசுவார். பளபளப்புக்கென்று தனியாகக் கொடுக்கமாட்டார். காசு சேகரிப்பவரோ, தேய்த்த காசைக் கண்டதும் முகத்தைச் சுளிப்பார். வெள்ளியின் கருமை வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளியே அப்படி மாறியிருக்கிறது. அதைத் தேய்த்தால் ராணியின் கன்னமும் கொஞ்சம் கூடவே போகும்.

தட்டாருக்கு வேண்டாம், சேகரிப்பவருக்குப் பிடிக்காது. பின்னே யாருக்காகத் தேய்க்கிறோம்?

நமக்காகத்தான் என்பது என் அபிப்பிராயம். விற்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. அந்தக் கருமையில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது, முந்தானை முடிச்சு இருக்கிறது, தாத்தாவுக்குத் தெரியாமல் சேர்த்த சாமர்த்தியமும் இருக்கிறது. தேய்த்துவிட்டால் அது பாட்டியின் காசல்ல, வெறும் வெள்ளி. கை கூசாமல் நீட்டிவிடலாம்.

சுத்தம் செய்வதே பாவம் என்று நான் சொல்லவில்லை. சென்னை எழும்பூர் மியூசியத்தில் 1930-லேயே ரசாயனக் கூடம் வைத்தார்கள். வெண்கலத்தை அரித்துத் தின்னும் பச்சைப் பொடியை அப்படியே விட்டுவைத்தால் விக்கிரகமே மிஞ்சாது. அது வைத்தியம். (செம்பிலுள்ள களிம்பை உயிரின் ஆணவத்துக்கு உவமை சொல்வார்கள் சைவ சித்தாந்திகள். காசு சேகரிப்பவர்கள் அவர்களுக்கு நேர் விரோதிகள். களிம்புக்குத்தான் இவர்களிடம் மதிப்பு!)

சிக்கலான வழக்கு ஒன்று என்னிடம் வந்தது. எதிர்வீட்டு அம்மாளிடம் ஒன்பது ரூபாய்கள். எல்லாவற்றிலும் வளையம் பற்றவைத்திருந்தது. ஒரு காலத்தில் மாலையாகக் கிடந்தவை. பேரனின் படிப்புக்குப் பணம் வேண்டும். வளையத்தை எடுத்து, தழும்பை ராவி, மெருகு போட்டுவிட்டால் தெரியாது என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். வேண்டாம், உள்ளதைச் சொல்லி விற்றுவிடுங்கள் என்றேன்.

"கழுத்தில் கிடந்ததை விற்கிறேன் என்று நானே போய்ச் சொல்லவேண்டுமா, தம்பி?" என்றார்.

லேசான கேள்வியல்ல. விலை குறைவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. யோசித்துப் பார்த்தேன். காசுக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்ள வாங்குகிறவருக்குப் பாத்தியதை உண்டு. அது யார் கழுத்தில் கிடந்தது, ஏன் இறங்கிற்று என்பதற்கு அவர் பணம் கொடுக்கவில்லை. தழும்பை மறைக்கக் கூடாது. குடும்பக் கதையைச் சொல்லவேண்டியதில்லை. அவரிடம் இப்படித்தான் சொன்னேன்.

வளையத்தோடேயே கொண்டுபோனார். யாருடையது என்று கடைக்காரர் விசாரித்தாராம். "பழைய காசு. மாலையாகக் கோத்திருந்தது. எடை போடுங்கள்" என்றாராம் அம்மாள்.