தேயிலைச் செடிக்குள் நடனம்

தமிழ்ப் படத்தில் தேயிலைத் தோட்டத்துப் பாட்டு வந்தால் எங்கள் வீட்டில் சிரிப்பு தொடங்கிவிடும். கதாநாயகி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். கொழுந்துக் கூடை இடுப்பில் இருப்பதில்லை. கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடுவார்கள். அடுத்து அவள் செடிகளுக்கு நடுவே ஓடி ஆடுவாள். கவ்வாத்து வெட்டிய தேயிலை வாது எப்படிக் கீறும் என்று அறிந்தவர்கள் இடுப்பைச் சுற்றிப் படங்கு என்ற முரட்டுத் துணியைக் கட்டிக்கொண்டுதான் மலைக்குப் போவார்கள். அட்டை கடிக்காத கால் அங்கே கிடையாது. பாட்டு வரிகளோ பனி, பச்சை, பருவம் என்று போகும். இலங்கையில் கண்டியை அடுத்த கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களின் லய வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டில் பிடித்துக்கொள்ள ஒரு சொல்கூட இருக்காது.

எங்கள் மலையைப் பற்றிய பாட்டுத்தான் எங்களுக்கு ஒட்டவில்லை. காவிரியைப் பற்றிய பாட்டுகள் ஒருநாளும் உறுத்தியதில்லை. இதை யோசிக்கத் தொடங்கிய பிறகு, 'இந்த வரிகளுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை' என்று இளையவர்கள் ஒரு பாட்டைத் தள்ளிவிடும்போது எனக்கு உடனே தலையாட்ட முடிவதில்லை.

அந்த அளவுகோலை வைத்தால் கண்டியில் தமிழ் பேசுகிறவர் எந்தப் பாட்டையுமே கேட்டிருக்க முடியாது. நாங்கள் வளர்ந்த பாட்டுகளில் ஓடிய ஆறு வைகை, காவிரி, பொருநை. எங்கள் கண் முன்னால் ஓடியது மகாவலி. பாட்டில் தென்றல் மெல்ல வந்து கன்னத்தைத் தொடும். எங்களுக்குத் தென்மேற்கிலிருந்து வருவது மே, ஜூன் மாதத்து மழைக்காற்று. மண்மேடு சரியுமோ என்று ராத்திரியில் விழித்திருக்க வைக்கும் காற்று. நாற்று நடும் பெண்கள், ஏற்றம் இறைக்கும் ஆண்கள், பனங்காடு, கரிசல் மண் எதையும் நாங்கள் கண்டதில்லை. ஆனாலும் இலங்கை வானொலியில் அந்தப் பாட்டுகள் ஒலித்தபோது லயத்தில் ஒரு வீட்டு ரேடியோவைச் சுற்றி நாலு வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கியபோது தமிழ்நாட்டுக்காரர்களே தங்கள் பாட்டைக் கேட்க இலங்கை அலைவரிசைக்கு வரவேண்டியிருந்தது. அங்கே பிறந்த பாட்டு கொழும்புக்கு வந்து, எங்கள் மலைகளுக்கு மேலே கடந்து, மறுபடி மதுரைக்குப் போனது. வழியில் நாங்களும் கேட்டுக்கொண்டோம். அது எங்களுக்காக எழுதப்பட்டதல்ல என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அதன்மேல் யாருக்கும் கோபம் வரவில்லை.

இன்னும் உள்ளே போனால் தாலாட்டு இருக்கிறது. என் அம்மாயி பாடிய தாலாட்டில் தொட்டில் பொன்னால் ஆனது. அதைக் கட்டிய கயிறு முத்துச்சரம். மாமன்மார் பட்டும் பவளமும் சீராகக் கொண்டுவருவார்கள். தொங்கியதோ பழைய சேலைத் தூளி. தொங்கிய இடம் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அடுப்பும் அதற்குள்தான், படுக்கையும் அதற்குள்தான். மாமன் என்று இருந்தவர் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய், முழு நாள் பேர் விழுந்ததா அரைப் பேரா என்ற கவலையோடு திரும்புகிற மனிதர். வாழ்க்கையோடு ஒரு வரியாவது பொருந்தவேண்டும் என்றால் அந்தத் தாலாட்டு முதல் அடியிலேயே தோற்றுவிடும். பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலை ஏறவேண்டிய தாய்க்கு, இருக்கிற தூளியைப் பற்றிப் பாட நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. கிடைக்க வேண்டியதைத்தான் அவள் பாடினாள்.

பொன்னர் சங்கர் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் போலவே மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக ஆடப்படுவது. கொங்கு நாட்டில் நிலம் ஆண்ட அண்ணன் தம்பியின் கதை. பொன்னி வளநாடு, அவர்களுடைய தங்கை, பகை, கடைசியில் வீரப்பூர்ப் பக்கத்தில் அவர்கள் சாவு. ஆடுகிறவர்களில் பலருடைய முன்னோர் அப்படிப்பட்ட நிலக்காரர்களின் வயலில் கூலிக்கு உழைத்து, பஞ்சம் தாங்காமல் கப்பலேறியவர்கள். வந்த இடத்திலும் சொந்தமாக ஒரு சாண் மண் கிடைக்கவில்லை. 'எங்களுக்குச் சொந்தக் காணி வேண்டும்' என்பதுதான் இன்றைக்கும் மலையகத்தின் முதல் கோரிக்கை. அப்படிப்பட்டவர் விடியவிடிய நிலப்பிரபுவின் வேடம் கட்டி, 'என் நாடு, என் வயல்' என்ற பாவனையில் பாடுகிறார். பேராதனையில் படித்த நண்பர் ஒருவர் இதை அடிமைப் புத்தி என்று சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ராத்திரிக்காவது நிலம் உள்ளவராக நிற்கிற மனிதரைப் பார்த்தால் அடிமை என்ற சொல் எனக்கு வாயில் வருவதில்லை.

சினிமாத் தேயிலைப் பாட்டும் பொய், தாலாட்டின் பொன் தொட்டிலும் பொய். ஆனால் தொட்டிலைப் பற்றிப் பொய் சொல்வது தூளியை ஆட்டிக்கொண்டிருக்கிற தாய். தேயிலையைப் பற்றிப் பொய் சொல்கிறவர் அந்த வழியாகக் காரில் போனவர். நம்முடைய பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிற பாட்டு நம்மை அறியாமல் இருந்தால்தான் எரிச்சல் வருகிறது என்று நினைக்கிறேன். யாரோ ஒருவருடைய ஊரைப் பற்றிய பாட்டிடம் அந்த எதிர்பார்ப்பே கிடையாது.

இந்தக் கணக்கில் தேசிய கீதத்தை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் ஒரு முடிவு கிடைக்கவில்லை. ஆனந்த சமரக்கோன் சிங்களத்தில் எழுதியதைப் பண்டிதர் மு. நல்லதம்பி தமிழாக்கினார். நாட்டைத் தாயாக்கி, தானியமும் பூவும் கனியும் நிறைந்தவள் என்று போற்றி, எல்லோரும் அவள் பிள்ளைகள் என்று சொல்கிற பாட்டு. சமரக்கோனுக்கே அவருடைய பாட்டு கடைசியில் அந்நியமாகிப்போனது ஒரு தனிக் கதை. தொடக்கச் சொற்கள் நாட்டுக்கு ஆகாதவை என்று சொல்லி 1961இல் அவற்றை மாற்றினார்கள். அவர் எதிர்த்தார், பலிக்கவில்லை. அடுத்த ஆண்டு இறந்துபோனார். எழுதியவருக்கே அந்தக் கதி என்றால் தோட்டத்துப் பிள்ளைகளின் நிலையைச் சொல்லவேண்டாம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுடைய தாய் தகப்பனை நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எந்தப் பங்கில் தன் பெயர் இருக்கிறது என்று தெரியாத பிள்ளை பள்ளிக்கூடத்து முற்றத்தில் நிமிர்ந்து நின்று நாட்டைத் தாய் என்று பாடியது. எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை தருகிற சட்டம் 2003இல்தான் வந்தது. 2016 பெப்ரவரி 4 அன்று காலிமுகத்திடலில் சுதந்திர தின விழாவில் தமிழில் பாடப்பட்டபோது கண்டியில் பலர் தொலைக்காட்சி முன் அழுதார்கள். 2020 விழாவில் தமிழ் இல்லை. வரிகள் ஒன்றும் மாறவில்லை. ஓர் ஆண்டு ஒட்டியது, இன்னோர் ஆண்டு ஒட்டவில்லை. இதைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அம்மாயியின் பொன் தொட்டிலைப் போல இதிலும் வரவேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது.

இந்தியப் பங்கில் விழுந்தவர்களைச் சுமந்துகொண்டு மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தார்கள். மேடையில் நின்றவர்களும் அழுவார்கள், பெட்டிக்குள் இருந்தவர்களும் அழுவார்கள். அப்படிப் போய்க் கோத்தகிரிப் பக்கம் குடியேறிய எங்கள் உறவினர் ஒருவர், பல வருடங்கள் கழித்து ஊர் பார்க்க வந்தபோது சொன்னார்: "அங்க நம்மள சிலோன்காரன்னுதான் சொல்றாங்க. வைகைப் பாட்டு கேட்டா இப்பவும் எனக்கு நம்ம லயத்து ரேடியோதான் ஞாபகம் வருது." வைகை அவருக்கு இப்போது பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் இருந்தது.

நமக்காகவே, நம்மவர்களே பாடிய பாட்டுகளும் உண்டு. கோப்பிக் காலத்திலிருந்து வாய்வழி வந்தவை. 1823 அளவில் கம்பளைக்குப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிடத் தொடங்கியதிலிருந்து, 1869இல் மடுல்சீமையில் இலைநோய் தலைகாட்டி அந்தப் பயிர் அழிந்தது வரைக்கும் இந்தக் காடுகளில் நடந்ததெல்லாம் அவற்றுக்குள் இருக்கிறது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த வழி, வழியில் விட்டுவந்த பிணம், கங்காணியின் துண்டுச் சீட்டில் ஏறிய கடன், கணக்கப்பிள்ளையின் அதட்டல், இந்த மலையில்தான் என் அண்ணனை இழந்தேன் என்று ஒரு பெண் காட்டுகிற கை. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்திராவிட்டால் பாதி போயிருக்கும். மீனாட்சி அம்மாள், தொழிற்சங்கத் தலைவரான தம் கணவர் கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய்க் கூட்டங்களில் பாடினார். 1940இல் தம் பாட்டுகளைச் சிறு புத்தகமாகவும் போட்டார். இவற்றில் பொன்னும் இல்லை, தென்றலும் இல்லை. கூடை சரியான இடத்தில் தொங்குகிறது.

கண்டி டவுனில் இருக்கிற எங்கள் குடும்பங்களில் இவற்றைத்தான் யாரும் பாடுவதில்லை. கேட்டால், அந்தக் காலத்துச் சொல் புரியவில்லை, கோப்பியும் இல்லை, கங்காணியும் இல்லை என்பார்கள். வைகையும் இங்கே இல்லை, அதைப் பாடினார்களே! சொல் புரியாதது காரணமில்லை. காசல் வீதிக் கடையில் 'எந்த ஊர்?' என்று கேட்டால் 'கண்டிதான்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு மேல் தோட்டத்தின் பெயரைச் சொல்லவேண்டிவரும். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தேவாரம் பாடுகிற பிள்ளை மேடையேறித் தோட்டத்துத் தெம்மாங்கு பாடினால் பெற்றோர் நெளிவதை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டவில்லை என்று இங்கே சொல்லப்படுவதற்கு, ஒட்டிவிடுமோ என்ற பயம் என்றுதான் பொருள். வேறு யாராவது இதை நாகரிகமாகச் சொல்லலாம். எனக்கு இதைவிட மென்மையாகச் சொல்லத் தெரியவில்லை.

2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தபோது கண்டி - கலஹா பஸ்களிலும் கலியாண மண்டபங்களிலும் ஒரே ஆட்டம். சந்தோஷ் நாராயணன் இசை, தீயும் அறிவும் பாடியது. அதைக் கேட்டு ஆடிய பிள்ளைகளிடம் பொருள் கேட்டேன். சும்மா ஜாலிப் பாட்டு, வரிகள் ஒன்றும் விளங்காது என்றார்கள். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்களில் ஒருவர். அவர் சொல்லக் கேட்டதிலிருந்துதான் அந்தப் பாட்டைத் தாம் எழுதியதாக அறிவு சொல்லியிருக்கிறார். மரம் நட்டு வளர்த்தவருக்குத் தோட்டத்தில் எதுவும் கிடைக்காமல் போன கதை அது. இதைச் சொன்னதும் ஒரு பையன், "அப்ப அந்தப் பாட்டி எந்தத் தோட்டம்?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அவன் தன்னுடைய அப்பாயி எந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர் என்று, நான் கேட்காமலே, பெயர் சொன்னான்.