உட்கார்ந்த நாள் வீண்போகாது

தியானப் பகுதி: 2 தீமோத்தேயு 2:5, 1 சாமுவேல் 13



போட்டியில் இறங்குகிறவன் சட்டப்படி ஆடாவிட்டால் அவனுக்குக் கிரீடம் இல்லை என்று பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஜெயித்தால் மட்டும் போதாது. களத்தில் இறங்க உரிமையும் வேண்டும்.

2025 ஜனவரி 13ம் தேதி ஐ-லீக் கால்பந்தில் நாம்தாரி அணி இன்டர் காசி அணியை 2-0 என்று ஜெயித்தது. ஆனால் நாம்தாரி பக்கம் ஆடிய ஒருவர் அதற்கு முன்பே நாலு மஞ்சள் அட்டை வாங்கியவர். சட்டப்படி ஒரு ஆட்டம் வெளியே உட்கார வேண்டியவர். தெரிந்தோ தெரியாமலோ, உட்காராமல் ஆடிவிட்டார். வழக்கு வந்தது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒரு கமிட்டி இன்டர் காசிக்கு ஜெயம் என்றது. மேல்முறையீட்டுக் கமிட்டி இல்லை என்றது. 40 புள்ளி எடுத்த கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியன் ஆனார்கள். கோப்பையும் கைக்கு வந்துவிட்டது! 39 புள்ளியோடு நின்ற இன்டர் காசி, சுவிட்சர்லாந்திலுள்ள சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. ஜூன் மாதம் அந்த ஆட்டத்தின் மூன்று புள்ளியும் அவர்களுக்கே என்று தீர்ப்பு. அவர்கள்மேல் இருந்த இன்னொரு வீரரின் பதிவு வழக்கும் தீர்ந்து, ஜூலை 18ல் 42 புள்ளியோடு அவர்களே சாம்பியன்.

கவனித்தீர்களா? உட்கார வேண்டிய ஒரு நாள் உட்காராததால், களத்தில் ஜெயித்த ஜெயமே இல்லாமல் போயிற்று.

சவுலும் அப்படித்தான். கில்காலில் ஏழு நாள் காத்திருந்தார். ஜனங்கள் சிதறுகிறார்கள், சாமுவேலைக் காணோம். தானே பலி செலுத்திவிட்டார். பலி நல்லதுதான், ஆனால் செலுத்த அவருக்கு உரிமை இல்லையே! ராஜ்யம் நிலைக்கவில்லை.

அப்படியானால் உட்கார்ந்தால் நஷ்டமா? இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பாலில் 'ரெட்ஷர்ட்' என்று ஒரு வழக்கம் இருந்து வந்தது. ஐந்து வருஷத்துக்குள் நாலு சீசன் ஆடலாம் என்பது அதன் கணக்காக இருந்தது. உடம்பு தேறாத பையனை, அடிபட்ட பையனை ஒரு வருஷம் உட்கார வைப்பார்கள். தினமும் பயிற்சிக்கு வருவான், ஆட்டத்தில் இறங்கமாட்டான். அந்த வருஷம் அவன் கணக்கில் கழியாது. 2018ல் நாலு ஆட்டம் வரை இறங்கலாம் என்று தளர்த்தினார்கள். ஐந்தாவதில் இறங்கினால் அந்தச் சீசன் கழிந்தது!

நம்ம நெய்வேலியையே பாருங்கள். 1957ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நிலக்கரி கண்ணில் பட்டது 1961ல். நடுவில் வெட்டியதெல்லாம் மண். அது வீணா?

சிலர் கேட்கிறார்கள்: "ஐயா, பையனுக்கு ரெண்டு வயசு குறைச்சுப் போட்டா டீம்ல எடுத்துடுவாங்க. எல்லாரும் செய்றாங்களே?" வேண்டாம் அம்மா. கிரிக்கெட் வாரியம் பையன்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வயசு பார்க்கிறது. சான்றிதழ் பொய் சொன்னாலும் எலும்பு சொல்லாது. எலும்பைப் படைத்தவருக்குத் தெரியாதா?

தம்பி, இந்த வருஷம் உன் பேர் லிஸ்ட்டில் வரவில்லையா? அப்ரண்டிஸ் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாயா? பயிற்சியை விடாதே. ஜெபத்தை விடாதே. குறுக்குவழியில் இறங்கி, உனக்கு வைத்திருக்கிற கிரீடத்தை இழந்துபோகாதே. உன்னை உட்கார வைத்தவரே ஏற்ற நேரத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அல்லேலூயா!

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.