கொக்கின் பசியும் நமது கமராவும்

வானத்துப் பறவைகளைப் பார்க்கும்படி ஆண்டவர் மலைப்பொழிவிலே சொன்னார். பறவை பார்ப்பதை வீண்பொழுது என்போருக்கு இதுவே போதிய விடை. ஆனால் எப்படிப் பார்ப்பது?

மாரி கழிந்து நந்திக்கடல் களப்பு வற்றத் தொடங்கும் நாட்களில் வட்டுவாகல் பாலத்தடியில் சின்ன வெண்கொக்கைக் கவனித்திருப்பீர்கள். கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். ஒரு பாதத்தை முன்னே நீட்டிச் சேற்றை நடுங்கக் கலக்கும். ஒளிந்திருந்த குஞ்சுமீன் துள்ளியதும் கழுத்து பாயும். மஞ்சள் அலகுள்ள பெரிய நாரையின் வழி வேறு. பாதி திறந்த அலகை நீருக்குள் வைத்தபடியே நடக்கும். மீன் அலகிற் பட்டதும் மூடிக்கொள்ளும். கலங்கிய நீரில் கண்ணால் என்ன பயன்?

அந்தக் கணத்தைப் படமாக்க, செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு போதும். அதற்காக மணிக்கணக்கிற் காத்திருக்கவும் வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதோர் கை தட்டுகிறார்கள், கல்லெறிகிறார்கள். பறக்கும் படமாவது கிடைக்கட்டுமென்று தண்ணீருக்குள் இறங்கி நெருங்குகிறார்கள்.

ஒரு காலையில் ஓர் இளைஞர் அப்படி நெருங்க, கூட்டம் முழுவதும் எழும்பிப் போயிற்று. வீச்சுவலையோடு நின்ற பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, நீர் படம் பிடிக்க வந்தனீர். அதுகள் மீன் பிடிக்க வந்ததுகள். ஆருக்குப் பசி கூட?"

"ஒரு படம்தானே ஐயா," என்றார் இளைஞர்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேல்நாட்டுச் சீமாட்டிகளின் தொப்பிக்காக வெண்கொக்குகள் கூட்டிலேயே கொல்லப்பட்டன. 1921இல்தான் பிரித்தானியா இறகு இறக்குமதியைச் சட்டத்தால் தடுத்தது. துவக்கோடு ஒப்பிட்டால் கமரா குற்றமற்றதுதான். ஆயினும் ஒன்றுமே எடுக்காமற் போவதில்லை. கொக்குகளோடு மேயும் உள்ளான்கள் வடக்கே வெகுதூரத்திலிருந்து வந்தவை. திரும்பிப் பறக்குமுன் உடலிற் கொழுப்புச் சேர்க்க வேண்டும். வீணாக எழும்பும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்பிற் செலவு. ஒருவர் ஒருமுறை எழுப்பினால் சிறிது; விடுமுறை நாளில் இருபதுபேர் எழுப்பினால்?

பெரியவரின் வலையும் பறவையை எழுப்பத்தானே செய்கிறது என்று கேட்கலாம். எழுப்புகிறதுதான். அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். கொக்கு மீனைக் கொல்வதும் பசிக்குத்தான். நமது படத்தின் பின்னால் உள்ள பசி எது என்பதை நாமே நம்மைக் கேட்க வேண்டும். 2017இல் நந்திக்கடல் இயற்கை ஒதுக்ககமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் கைதட்டுபவரின் மனச்சாட்சிக்குள் எந்தச் சட்டம் நுழையும்? ஒவ்வோர் உயிருக்கும் இறைவன் முன்னிலையிலே தனக்கெனப் பெறுமதி உண்டென்று மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதியது வீட்டுக்கு மட்டுமல்ல, களப்புக்கும் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு, சொல்லத் தயக்கமாயிருக்கிறது. 2009 மே மாதத்தில் இந்தப் பாலத்தைப் பசியோடும் காயங்களோடும் எம்மவர்கள் கடந்தார்கள். அவர்களையும் படம் பிடித்தார்கள். அப்படங்கள் உலகெங்கும் போயின. அனுமதி கேட்டவர் யார்? மனிதரையும் பறவையையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனாற் பசித்து நிற்கையில் பிறர் கண்ணுக்குக் காட்சியாவது எப்படியென்று இக்கரை மக்களுக்குத் தெரியும். பெரியவரின் கேள்வி அங்கிருந்து வந்ததோ என்னவோ.

இளைஞர் கமராவை மடியில் வைத்துக்கொண்டு கரையிற் குந்தினார். வெயில் ஏறுமட்டும் இருந்தார். இரண்டு கொக்குகள் திரும்பி வந்தன.