கூலியும் மதிப்பும்: தங்கவயல் தரும் விடை

தொழிற்சங்கம் கூலி உயர்வு கேட்கும் கருவி மட்டுமா, மனித மதிப்பைக் காக்கும் அறநெறியுமா என்னும் வினாவுக்குக் கோலார் தங்கவயலின் வரலாறு தெளிவான விடை தருகிறது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய ஊரிகம், சாம்பியன் ரீஃப் முதலிய சுரங்கங்களில் இறங்கியோருள் மிகப் பலர் வட ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து வந்த, தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட தமிழர்கள். அங்கே தொழிற்சங்கம் வலுப்பெறுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, பிறப்பால் உயர்வு தாழ்வில்லை என்ற அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியிருந்தது.

1930இல், தொழிலாளரை அடையாளப்படுத்திப் பதிவுசெய்ய நிர்வாகம் அவர்களுடைய கைரேகையைக் கேட்டபோது, குற்றவாளியிடம் பெறுவதைத் தம்மிடமும் பெறுவது இழிவு என்று கருதிய ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலிக்காக மட்டுமே மனிதர் ஒன்றுசேர்வர் என்னும் கருத்து இவ்விடத்தில் பொருந்தாது. மை தோய்ந்த விரலைத் தாளில் பதிக்க மறுத்தவர்கள் காத்தது தம் மானத்தை.

கூட்டுப்பேரம், அதாவது தனியொருவர் கேட்டால் மறுக்கப்படுவதைப் பலர் சேர்ந்து கேட்டுப் பெறும் முறை, இம்மானவுணர்வின் நடைமுறை வடிவமாகும். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னும், உழைப்பை விற்பவர் தம்மை விற்பதில்லை என்னும் இவ்வறம் ஒப்பந்தத் தொழிலாளர் பெருகிவரும் இக்காலத்துக்கும் உரியதே.