மூலமும் பிரதியும்

சில மாதங்களுக்கு முன்னர் திருகோணமலை நகரில் நடைபெற்ற மாணவர் சித்திரப் போட்டியொன்றில் நடுவர்களுள் ஒருவராக அமர நேர்ந்தது. ‘புராணக் கற்பனை’ என்பது கொடுக்கப்பட்ட பொருள். பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி இராவணன் வெட்டை வரைந்திருந்தாள். சுவாமி மலையின் செங்குத்துப் பாறையை வாளாற் பிளக்கும் இராவணன். ஆனால் அவனுடைய பத்து முகங்களும் ஒன்றுபோலச் சினந்திருக்கவில்லை. ஒன்று களைத்திருந்தது; ஒன்று நோயுற்ற தாயை நினைத்துக் கலங்கியிருந்தது; கடைக்கோடியில் இருந்த முகமோ எதிலும் பட்டுக்கொள்ளாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாம் பார்த்த இராவணர்களுள் இவன் புதியவன்.

தமையனின் கைத்தொலைபேசியில் விரலால் வரைந்து, கடையிலே அச்சிட்டுக் கொணர்ந்திருந்தாள். “இதன் மூலப்படம் எங்கே?” என்று நடுவர் ஒருவர் வினவினார். அவள் கைத்தொலைபேசியை நீட்டினாள். படம் விலக்கப்பட்டது. முதற்பரிசு பெற்றதோ, கலண்டர் முருகனைக் கட்டங்கட்டிப் பார்த்து நீர்வண்ணத்தில் எழுதிய படம். அதில் கற்பனை எள்ளளவும் இல்லை; ஆயினும் தாளிலே கைபட்டிருந்தது. முடிவுத் தாளில் நாமும் கையொப்பமிட்டோம்.

அன்று தொட்டு அவ்வினா எம்மை விட்டபாடில்லை. ‘மூலம்’ என்று சொல்லி நாம் தலைவணங்குவது எதற்கு? உழைப்புக்கா, அழகுக்கா, அன்றி உலகில் ஒன்றே ஒன்றுதான் உண்டு என்னும் அருமைக்கா?

நம்மவர் வீட்டுச் சுவர்களில் தொங்கும் இலக்குமியையும் சரசுவதியையும் எடுத்துக்கொள்வோம். கண்டவர் எவருமில்லாத தெய்வங்களுக்கு இந்த முகங்களை வழங்கியவர்களுள் தலையாயவர் இரவிவர்மா (1848–1906). அவர் தைலவண்ணத்தில் எழுதிய படங்கள் பெரும்பாலும் அரண்மனைகளுக்கும் செல்வர் மாளிகைகளுக்குமே சென்றன. 1894இல் பம்பாயில் அவர் அச்சகம் நிறுவியபோதுதான் அவை தெருவுக்கு வந்தன. அந்த அச்சுமுறை எளியதன்று. சுண்ணக்கற் பலகையில் கொழுப்பு மையால் உருவத்தை இடம்வலமாக மாற்றி எழுதவேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாளைக் கல் மாற்றிக் கல் மாற்றி அழுத்தவேண்டும். ஒன்று மயிரிழை விலகினாலும் தேவியின் உதடு கன்னத்துக்கு ஏறிவிடும். அக்கற்களின்மீது முதுகு வளைந்து எழுதியோரின் பெயர் படத்தின் அடியில் இல்லை. இரவிவர்மாவின் பெயரே உண்டு. பிரதி என்பது உழைப்பில்லாமற் பிறக்கும் பொருள் என எண்ணுவோர் இதனைச் சற்றுச் சிந்திக்கவேண்டும்.

அப்பிரதி செய்த வேலை எத்தகையது? திருவிதாங்கூரில் 1936ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசின் கோயில்களுக்குள் நுழைய முடியவில்லை. நம் நாட்டில், 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது. மூலவரைக் காணத் தடுக்கப்பட்ட மனிதன் சில காசுக்கு ஓர் அச்சுப்படத்தை வாங்கிக் குடிசைச் சுவரில் மாட்டினான். அதற்கு விளக்கேற்ற எவருடைய அனுமதியும் அவனுக்குத் தேவைப்படவில்லை. கருவறைக் கதவு செய்த அநீதிக்கு முன்னால், மலிந்த தாள் ஒன்று செய்த நீதி இது. (அதே தாள் தேவியர்க்கெல்லாம் சிவந்த மேனியையும் செல்வர் வீட்டு நகைகளையும் பூட்டி, கறுத்த பெண்களின் மனத்தில் தாழ்வைப் பதித்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.) பின்னாளில் கோவில்பட்டியில் கொண்டையராஜு எழுதிய தெய்வங்களைச் சிவகாசி அச்சகங்கள் கலண்டர்களாகப் பரப்பின. கோட்டை வாசல் கடந்து, மான்கள் மேயும் வழியால் கோணேசர் கோயிலுக்கு ஏறுவோர் கடைகளிற் காணும் சுவாமிப் படங்களும் அந்த வழித்தோன்றல்களே.

இனி, சேகரிப்போர் உலகைப் பார்ப்போம். செதுக்கோவியங்களை இத்தனை பிரதிகள் மட்டுமே என எண்ணிட்டு விற்கும் வழக்கம் மேலைநாடுகளில் உண்டு. குறித்த தொகை அச்சானதும் தகட்டின் குறுக்கே கோடு கிழித்து அதனைப் பாழாக்குவர். தகடு தேய்ந்து போனதால் அன்று. மற்றொருவனுக்குக் கிடைத்துவிடக் கூடாதே என்பதால்! படத்தின் அழகு இதனால் அணுவளவும் கூடவில்லை. கூடியது இல்லாதவனின் தொகை. அதனால் ஏறியது விலை. கணினி ஓவியத்திலோ பிரதிக்கும் மூலத்துக்கும் வேற்றுமையே இல்லை. ஆகவே அங்கு அருமையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதாயிற்று. 2021 மார்ச்சில் ‘பீப்பிள்’ என்னும் ஓவியரின் கணினிப் படக்கோவை ஒன்று ஏறத்தாழ 6.9 கோடி டொலருக்கு ஏலம் போனது. அப்படத்தை எவரும் தம் திரையில் இலவசமாகப் பார்க்கலாம். வாங்கியவர் பெற்றது, ‘இது உன்னுடையது’ என்று பதியப்பட்ட ஒரு குறி.

இவ்வளவு கூறியதால் மூலத்தை நாம் இகழ்வதாக எவரும் கருதவேண்டாம். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களாற் கோட்டை எழுப்பினர். 1950இல் இந்நகரில் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், பார்வதி முதலிய வெண்கலத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. மெழுகில் உருச்செய்து, களிமண் பொதிந்து, மெழுகை உருக்கியகற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்த்து, அச்சை உடைத்தெடுத்த உருவங்கள் அவை. ஆதலின் ஒவ்வொன்றும் ஒன்றே. ஆயினும் அவற்றின் முன் நிற்கையில் எம் நெஞ்சைப் பிடிப்பது அந்த ஒருமையன்று. அவற்றை மண்ணுக்குள் இறக்கி மூடிய கைகள் யாருடையவை என்ற நினைவே. நடந்ததை உடம்பில் தாங்கியிருக்கும் பொருளுக்குப் பிரதி இல்லை. மூலத்தின் பெருமை சாட்சியின் பெருமை. சாட்சியோ ஊருக்குரியது, ஒருவரது இரும்புப் பெட்டிக்கு உரியதன்று.

கைத்தொழிலின் மேன்மையை உலகுக்கு எடுத்துரைத்தவர் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சமதர்மவாதியான வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே தமது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலை 1908இல் அச்சேற்றினார், 425 படிகள். இயந்திரத்துக்கு எதிரான அவரது கோபத்தில் நியாயம் உண்டு. எனினும் அந்நூல் எம்மைப் போன்ற ஓர் ஆசிரியனின் கைக்கு எட்டியது இயந்திரத்தில் அச்சான மலிவுப் பதிப்பினால்தான்! இம்முரணை எண்ணி நாம் பலமுறை சிரித்ததுண்டு, தீர்த்தபாடில்லை.

இன்றோ மற்றொரு சிக்கல். ‘பத்துத் தலை இராவணன்’ என்று எழுதியதும் செயற்கை நுண்ணறிவு நொடியிற் படம் ஆக்கித் தருகிறது. எண்ணற்ற ஓவியர்களின் படைப்புகளை, பெரும்பாலும் அவர்களைக் கேளாமலே, உட்கொண்டு பழகிய இயந்திரம் அது. இங்கு ‘மூலம் எங்கே?’ என்று கேட்பது உண்மையில் ‘உழைத்தவன் எங்கே, அவனுக்குரியது எங்கே?’ என்ற கேள்வியாகிறது. கல்லச்சுக் காலத்தில் பெயரின்றிப் போனவர்களின் கேள்வியும் அதுவே. நாம் அந்த மாணவியிடம் கேட்டிருக்க வேண்டியதும் அதுவே: எப்படி வரைந்தாய்? கேட்டிருந்தால் பதினொரு இரவுகள் என்று சொல்லியிருப்பாள். கைத்தொலைபேசியில் அழித்தழித்து எழுதிய முந்திய முகங்கள் யாவும் பத்திரமாக இருந்தன என்பதைப் போட்டி முடிந்து பல நாள் சென்றபின்பே அறிந்தோம். தாளைத் தொட்டுப் பார்த்த எமக்குத் திரையைப் பார்க்கத் தோன்றவில்லை.

அண்மையில் அவள் வீட்டுக்குச் சென்று, கையொப்பமிட்டதற்காக வருத்தம் தெரிவித்தோம். அவளுடைய தாயார்தாம் பதில் கூறினார்: “அதுக்கென்ன சேர், பிள்ளை பிறகும் கீறிக்கொண்டுதான் இருக்கிறா.” முன்னறையில் இலக்குமி படத்துக்குப் பக்கத்தில் இராவணனை மாட்டியிருந்தார்கள். கடல் வெயில் பட்டு நீலம் சற்று வெளுத்திருந்தது. “பரவாயில்லை சேர், திரும்ப அச்சடிக்கலாம்” என்றாள் மாணவி. பின்னர், கடலைப் பார்த்திருக்கும் அந்தக் கடைசி முகத்தை இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டுமென்று சொல்லிக் கைத்தொலைபேசியைத் திறந்தாள்.