கடன்காரன் கொண்டுபோக வந்த பிள்ளைகள்



அரசர்கள் இரண்டாம் நூல், நான்காம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண் எலிசாவிடம் வந்து கதறுகிறாள். கணவன் இறந்துவிட்டான். கடன் மட்டும் மிச்சம். கடன்கொடுத்தவன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். இந்தப் பகுதியை எண்ணெய் பெருகிய புதுமையாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த இரண்டு பையன்களை மறந்துவிடுகிறோம்.

சம்பா அறுவடை முடிந்த வயல்களில் இப்போது எருவுக்காக ஆட்டுக் கிடை போடுகிறார்கள். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் எனப்படும் ஆட்டிடையர்கள் மந்தையோடு வருகிறார்கள். வெயிலிலும் பனியிலும் நடந்தே பிழைக்கும் அவர்களில் பலரும் ஏழைகள். எல்லோரையும் குற்றவாளியாக்குவது பாவம். ஆனால் சில மந்தைகளின் பின்னால் பத்து, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கம்போடு நடக்கிறான். அவன் கீதாரியின் மகன் அல்ல. வீட்டில் யாரோ படுத்த படுக்கையானபோது, அல்லது ஒரு சாவுச் செலவுக்கு வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக வந்தவன். 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபின், பிள்ளையை ஆட்டுக்கு விட்ட பெற்றோர் நம் டெல்டாவிலேயே இருந்தார்கள். அவர்களுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அன்றைக்கு அவர்களிடம் பணம் நீட்டியவர் அந்த மந்தைக்காரர் ஒருவர்தான். நாம் யாரும் நீட்டவில்லை.

பகலெல்லாம் நடை, இரவெல்லாம் காவல். ஆடு ஒன்று தொலைந்தால் அடி. ஊர் ஊராகப் போவதால் அவன் எங்கே இருக்கிறான் என்பதுகூடத் தாய்க்குத் தெரியாது.

இன்று நாம் நினைவுகூரும் புனித ஜோசப்பின் பக்கித்தா, சூடானின் தார்பூரில் சிறுமியாக இருந்தபோது கடத்தப்பட்டவர். கை மாறிக் கை மாறி விற்கப்பட்டார். அந்தப் பயங்கரத்தில் அவருக்குத் தன் சொந்தப் பெயரே மறந்துபோனது. கடைசியில் வெனிஸ் நகருக்கு வந்து சேர்ந்த அவர் எசமானியோடு திரும்பிப்போக மறுத்தபோது, கனோசா சகோதரிகள் அவர் பக்கம் நின்றார்கள். 1889 நவம்பர் 29 அன்று நீதிமன்றம் அவரைச் சுதந்திரமானவர் என்று அறிவித்தது. அவருடைய துணிவைப் போற்றுகிறோம், சரி. கதவைத் திறந்து வைத்திருந்த அந்தச் சகோதரிகளையும் கவனியுங்கள். இந்த நாளை மனித வணிகத்துக்கு எதிரான செப நாளாக 2015 முதல் திருச்சபை கடைப்பிடிக்கிறது.

எலிசா என்ன செய்தார்? அக்கம்பக்கத்தாரிடம் வெறும் பாத்திரங்களை வாங்கி வரச் சொன்னார். அவற்றில் நிரம்பிய எண்ணெயை விற்றுக் கடனை அடைத்து, மிஞ்சியதில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்றார். பிள்ளைகளை மீட்டதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த வீட்டு அடுப்பைப் பற்றியும் யோசித்தார். இதைச் செய்யாததால்தான் மீட்கப்பட்ட பிள்ளை அடுத்த வருடம் வேறொரு மந்தைக்குப் போகிறான்.

நம் நாட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. பிடித்து வைத்தவர்தான் சிறைக்குப் போக வேண்டியவர். இது தெரியாமல், வாங்கிய காசுக்கு நன்றியாக இருக்க வேண்டும் என்று பயந்து கிடக்கும் குடும்பங்கள் எத்தனை! அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். மந்தையிலோ செங்கல் சூளையிலோ அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் சிறுவர் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்று கைக்கு வரும்வரை அந்தக் குடும்பத்தோடு அலையுங்கள். அது இல்லாமல் அரசின் மறுவாழ்வு உதவியைப் பெறுவது கடினம்.

உங்களில் ஆட்டு மந்தை வைத்திருப்பவர்கள், வயலில் கிடை போட அழைத்தவர்கள் இருக்கிறீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: சிறுவனை வைத்து மேய்க்கிற மந்தையை உங்கள் வயலுக்குள் விடாதீர்கள். அந்த எரு நமக்கு வேண்டாம்.

திருப்பலி முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளர்கள் கோவிலிலேயே இருங்கள். சாவு, நோய் என்று திடீரெனப் பணம் தேவைப்படும் குடும்பங்களுக்கு, எந்த மதத்தவராக இருந்தாலும், அன்றைக்கே கொடுக்க ஒரு நிதி தொடங்குகிறோம். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு உங்கள் தெருவில் பள்ளிக்குத் திரும்பாத பிள்ளைகள் யார் யார் என்றும் விசாரித்து வந்து சொல்லுங்கள்.